ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கேமராக்கள்

காயில்காரம்மா எதிர்நீச்சல் போட்டு வாங்கியவை இவை: ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த மோட்டார் பட்டறையில் ஓர் இடம். எரிந்துபோன எந்த மோட்டாருக்கும் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கைத்திறன். "பொம்பளை கட்டின காயில் ஒரு வாரம் தாங்காது" என்ற முதலாளியின் வீட்டு மோட்டாரே அவள் கட்டியதில் பதினோரு வருடம் ஓடியது. பிறகு சொந்த வீடு. பின்பக்கத் தோட்டத்தின் கோடியில் தகர ஷெட், சொந்தத் தொழில். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் செய்தது இத்தனையும் என்று சொல்லும்போதெல்லாம் அவளுடைய அக்காவின் குரல் ஒரு படி உயரும்.

அந்த ஷெட்டின் பூட்டைத்தான் ஒரு பட்டப்பகலில் யாரோ உடைத்தார்கள். பழுது பார்க்க வந்த இரண்டு மோட்டார்களும் ஒரு கட்டுச் செம்புக் கம்பியும் போயின. இருவரும் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். எழுத்தர் மளமளவென்று எழுதினார். எட்டாவது வரை படித்த அக்கா, அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டிருந்தாள். வாசித்துப் பார்க்காத தாளில் தங்கை கைநாட்டு வைத்தாள். வீடு திரும்பி நகலைப் பார்த்தபோதுதான் அக்காவுக்குத் திக்கென்றது. "திருடு போனது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "காணாமல் போனது" என்று இருந்தது.

ஒரே ஒரு சொல். ஊர் வாய்க்கு அது போதாதா? எங்கேயோ வைத்து மறந்துவிட்டாள் என்றார்கள் சிலர். அவளே விற்றிருப்பாள் என்றார்கள் மற்றவர்கள். மாற்றி எழுதக் கேட்டுப் போனால், கைநாட்டு வைத்தாயிற்று, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையின் தண்ணீர் மோட்டார் வந்து இறங்கியது. மேலாளர் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்: "இதுவும் காணாமப் போச்சுன்னா, அப்புறம் யாரும் உங்களை நம்பி ஒரு ஃபேனைக்கூடத் தரமாட்டாங்கம்மா."

மறுநாளே தங்கை கேமராக் கடைக்காரரை வரவழைத்தாள். அவர் முதலில் எடுத்தது, கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒன்று. உயரத்தில் மாட்டினால் தோட்டம் முழுக்கத் தெரியுமாம்.

"உச்சந்தலைதானே தெரியும்? அதை வச்சு யாரை அடையாளம் காட்டுறது? எங்க மாமாவுக்கும்தான் வழுக்கை" என்றாள் தங்கை.

தானாகத் தலை திருப்பும் கேமராவை எடுத்தார். அது அந்தப் பக்கம் பார்க்கும்போது இந்தப் பக்கம் யார் பார்ப்பது என்று கேட்டாள். இருட்டிலும் பூனை மாதிரி பார்க்கும் என்றார். தன் திருடன் வெயிலில் வருகிறவன், பதினோரு மணிக்கு மாட்டிக் காட்டுங்கள் என்றாள்.

அப்படியே மாட்டிப் பார்த்தார்கள். அக்கா தோளில் சாக்கோடு தோட்டத்தில் நடக்க வேண்டும்.

"திருட வந்தவ மாதிரி நட அக்கா. கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி நடக்காதே."

தகரத்தில் பட்ட வெயில் எதிரொளித்து, அக்காவின் முகம் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. ஏணி ஆறு முறை இடம் மாறியது. கடைசியில் அசையாத இரண்டு கேமராக்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று சமையலறைப் பின்கதவுக்கு மேலே, இன்னொன்று ஷெட்டின் இறவாரத்துக்குக் கீழே, நேருக்கு நேர். இரண்டும் ஒரே இடத்தைப் பார்ப்பது வீண் என்றார் கடைக்காரர்.

"ஒண்ணை ஒருத்தன் மூடினா, மூடினது யாருன்னு இன்னொண்ணு சொல்லணும்" என்றாள் அவள்.

நான்காம் நாள், கட்டி முடித்த ஒரு சின்ன மோட்டாரைக் கொடுத்துவர அவள் வெளியே போயிருந்தாள். அக்கா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மேடையில், இரண்டு கேமராக்களின் படங்களும் ஓடிக்கொண்டிருந்த போனில், ஒரு படம் சட்டென்று கறுத்தது. மற்றதில், பின்கதவுக்கு முன்னால் ஓர் ஆள், கேமராவின் மேல் சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். வாரா வாரம் கழிவுக் கம்பி வாங்க வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துப்போகும் பழைய இரும்புக்காரன்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, இருக்கீங்களா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல். உள்ளங்கையில், போனில், அவன் முதுகு. அக்கா தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டிருந்தது. கூடத்துக்குப் பூனை நடை நடந்து தங்கையை அழைத்தாள்.

"வெளியே வராதே அக்கா. நீ உள்ளே இருக்கிறது அவனுக்குத் தெரிய வேண்டாம். படத்தை மட்டும் விடாமப் பாரு. நான் தெரு முக்குலதான் இருக்கேன்."

அவன் பூட்டை நெம்பினான். மருத்துவமனை மோட்டாரை இன்னொரு சாக்கு விரித்து அதன்மேல் புரட்டி, இழுத்துக்கொண்டு வந்தான். மதில் வரை வந்துவிட்டான். படத்தைப் பார்த்தபடியே சமையலறைக்குத் திரும்பிய அக்காவின் முழங்கை பாத்திர அடுக்கில் இடித்து ஒரு தம்ளர் உருண்டது. படத்தில் அவன் நிமிர்ந்து, பின்கதவைப் பார்த்தான். ஓர் அடி எடுத்து வைத்தான்.

அதற்குள் பக்கச் சந்து வழியாகத் தங்கை வந்துவிட்டாள். பின்னால் ஆட்டோக்காரரும் எதிர்வீட்டு இரண்டு பேரும். ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

காவல் நிலையத்தில் அதே எழுத்தர். இந்த முறை அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, அவர் பேனா போகும் வழியிலேயே வாசித்தாள். மூன்றாவது வரியில் நிறுத்தினாள்.

"ஐயா, அந்த வார்த்தையை மாத்துங்க. எதுவும் தானா எழுந்து போகலை."

அடித்து எழுதினால் நன்றாக இருக்காதென்று, அவர் புதுத் தாள் எடுத்தார். பழைய திருட்டையும் அதிலேயே சேர்த்து எழுத வைத்தார்கள். எழுதி முடித்து மைப்பெட்டியைத் தள்ளினார். தங்கை அதைத் திருப்பித் தள்ளினாள்.

முதல்முறை அவர்கள் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து, காயில் படம் வரையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அக்கா எழுதிக்கொடுத்த தன் பெயரின் நான்கு எழுத்துகளை அவள் வரைந்து வந்தாள். எந்தச் சுழி எங்கே தொடங்குகிறது, எத்தனை சுற்று, எங்கே முடிகிறது என்று கேட்டுக் கேட்டு.

"பேனா குடுங்கய்யா" என்றாள்.

இரண்டாவது எழுத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு முடித்தாள்.

அந்தக் கையெழுத்துக்குக் கீழே எழுத்தர் தேதி போட்டார்: 2022 மார்ச் 14, திங்கட்கிழமை.