கலக்கல் அண்ணனின் கடைசிக் கலவை

“கலக்குறவன் நானு, பிரிச்சு மார்க்கு வாங்குறது நீங்களா?”

வேதியியல் லேப் உதவியாளர் வாயைத் திறந்தால் இந்தப் புலம்பல்தான். உப்பு, மணல், இரும்புத்தூள் மூன்றையும் கலந்து தட்டுத் தட்டாக வைப்பது அவர் வேலை. அதனால் மாணவிகளுக்கு அவர் ‘கலக்கல் அண்ணன்’. அவருடைய கடைசி வேலைநாளை நினைத்தால் டீச்சருக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அன்று செய்முறைத் தேர்வு. பிள்ளைகள் காந்தத்தால் இரும்பை எடுத்தார்கள், தண்ணீர் ஊற்றி மணலை வடிகட்டினார்கள், வடிநீரைக் காய்ச்சினார்கள். வெள்ளை உப்பு படியவேண்டிய கிண்ணத்தில் பழுப்புப் பாகு கொதித்தது. லேபே மிட்டாய்க்கடையாக மணத்தது.

“உப்பு எங்கம்மா? உப்பு இல்லேன்னா மார்க்கும் இல்ல” என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். பிள்ளைகள் கண் கலங்கினார்கள். அண்ணன் முன்னால் வந்தார்.

“பிள்ளைங்க ஒழுங்காத்தான் சார் பிரிச்சிருக்கு. சீசாவை மாத்திச் சீனியைக் கலந்தது நான். உங்களுக்கு உப்புதானே வேணும்? ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சு வச்சீங்களே, நான் போட்டுத் தந்த அந்த டீயில இருக்கு. நீங்களே காய்ச்சி எடுத்துக்குங்க!”