பாதிக் கப்பல்

கல்யாணமாகி வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் நான் கப்பல் வரையக் கற்றுக்கொண்டேன். கடையில் கருவாடு சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் ஒரு கப்பலின் முன்பாதி இருந்தது. பின்பாதி யார் வீட்டுக் கருவாட்டோடு போனதோ! கடலை நான் கண்டதே இல்லை. அதனால் பின்பக்கத்துக்கு எனக்குத் தெரிந்த ரயிலின் கடைசிப் பெட்டியை ஒட்டவைத்தேன். ஜன்னல்களை வரிசையாகப் போட்டதும் அது அசல் எங்கள் லயத்து வீட்டு வரிசையாகிவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. பென்சில், தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிக்கும் என் புருஷன் காதில் செருகி வருவது. பாண் ரொட்டித் துண்டால் அழித்து அழித்து, அடிப்பாகத்தை வளைத்து, தண்ணீர்க் கோட்டை அதன் குறுக்கே இழுத்த அன்றுதான் கப்பல் மிதந்தது.

பூண்டுலோயாவில் இருந்த என் அப்பாவும் அம்மாவும் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போய்விடப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார்கள். கப்பல் என்றாலே அம்மாவுக்குக் குலை நடுங்கும். இப்படித்தான் இருக்கும், இங்கேதான் உட்காருவாய் என்று ஒரு படம் போட்டுக் கையில் கொடுக்க நினைத்தேன். அவ்வளவுதான்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிக்கு அது போதாதா? என் மாமியாரிடம் ஓதிவிட்டாள்.

"ஒங்க மருமக கப்பலாப் போட்டுத் தள்ளுறா. ஆத்தா அப்பன் பின்னாடியே கெளம்பிறப் போறா, பாத்துக்கங்க."

என் புருஷன் வீட்டார் இங்கேயே இருந்துவிட இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். அன்று முதல் என்னைச் சுற்றி ஒரே வேவு. டிரங்குப் பெட்டிக்குள் சேலைகள் இடம் மாறியிருக்கும். நான் எங்கே கிளம்பினாலும் மாமியாருக்கும் அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். ஒருநாள் புருஷனின் காது வெறுமையாக இருந்தது.

"பென்சில் எங்கேங்க?"

"ஸ்டோருல வெச்சிட்டேன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. யாராவது பேச்சை நிறுத்தினால் என்னைப் பற்றித்தான் என்று பற்றிக்கொண்டு வரும். நான் மட்டும் சாதுவா? கடையில் சொந்தமாக ஒரு பென்சில் வாங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி வாசலில் உட்கார்ந்தே வரைந்தேன்.

அப்பாவும் அம்மாவும் புறப்படும் நாள் வந்தது. அவர்கள் ஏறிவரும் ரயில் வட்டவளையில் சிறிது நேரம் நிற்கும். என் கைப்பிள்ளையை, தன் பேரனை, அம்மா ஒரே தடவைதான் பார்த்திருந்தாள். ஸ்டேஷனுக்குத் தூக்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தூக்கினேன். புருஷன் வாசலை மறித்தார்.

"புள்ள வீட்டுல இருக்கட்டும். பனியா இருக்கு."

வெளியே நல்ல வெயில். மாமியார் பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் திரும்பி வருவதற்குப் பிள்ளை அடகு என்று அப்போதுதான் விளங்கியது. சண்டை போட்டால் ரயில் போய்விடும். கப்பல் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டியிருந்தாள்.

"புள்ள எங்கடி?"

"தூங்குதும்மா."

படத்தை அப்பாதான் வாங்கிக்கொண்டார். அம்மா அதைப் பார்க்கவில்லை.

"எழுப்பித் தூக்கியாந்திருக்கலாமில்ல?" என்றாள். பிறகு என் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீட்டிய கைகளை அம்மா உள்ளே இழுத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தது.

திரும்பும் வழியில் அவர் என் தோளில் கை வைத்தார்.

"நீ வந்துட்டியே புள்ள, அது போதும்."

கையைத் தட்டிவிட்டேன்.

அம்மா அந்தப் பேரனை மறுபடி பார்க்கவே இல்லை. என் புருஷனை நல்ல மனுஷன் என்று தோட்டமே சொல்லும். நானும் மறுத்ததில்லை. மன்னித்ததும் இல்லை.