பந்தல்குடி என்று சொல்லக் கற்ற வருடம்

போன தை மாதம், பந்தல்குடிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டில் நடந்தது இது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பிருந்து சொன்னால்தான் புரியும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். அதிலும் 'ப' வாயை விட்டு வெளியே வராது. வாக்கப்பட்டு வந்ததோ பந்தல்குடிக்கு. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, முன்னாலேயே இறங்கிக்கொள்வேன். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எங்கே போனாலும் எனக்காகக் கணவர்தான் பேசுவார். செல்போன் அடித்தால்கூட எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

அந்தச் சமயம் மகளிர் குழுவில் ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்த அம்மா, இந்த வருடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மகள் கல்யாணம், காரை வீடு, மகனுக்கு வேலை என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

"அதெல்லாம் வீட்டுக்கு. உங்களுக்குன்னு ஒண்ணு சொல்லுங்க" என்றார் அவர்.

என் முறை வந்தபோது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மனசுக்குள் மட்டும் முடிவு செய்துகொண்டேன். கண்டக்டரிடம் என் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும்.

ஆடு மேய்க்கும்போதும் பருத்தி எடுக்கும்போதும் ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். பஸ்ஸில் ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை கண்டக்டர் பொறுமையிழந்து அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். அதன்பிறகு சில வாரம் பழையபடி அடுத்த ஊர் டிக்கெட்தான். ஆடி மாதத்தில் ஒரு நாள், இழுத்து இழுத்துச் சொல்லியே விட்டேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு அது ஒன்றுமில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை தனியாகச் சிரித்தேன்.

தை மாதம் அன்றைக்கு நானும் கணவரும் மட்டும் மக்காச்சோளக் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். திடீரென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சோளத்தட்டைக்குள் கண்ணாடி விரியன் நெளிந்து போவதை நானும் பார்த்தேன். சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் போனை எடுத்தார். கை நழுவிக் கீழே போட்டுவிட்டார். நான் எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

எந்த ஊர் என்று கேட்டது ஒரு பெண் குரல். எனக்கு 'ப' வரவில்லை. நான் இப்படித் திணறும்போது, சிக்னல் இல்லை என்று நினைத்துப் பலர் போனை வைத்திருக்கிறார்கள். இவரும் வைத்துவிட்டால்? அதுவரை யாரிடமும் என் வாயால் சொல்லாததை அப்போது சொன்னேன்.

"எனக்குத் திக்குவாய்ம்மா. வச்சிராதீங்க."

"வைக்க மாட்டேன்க்கா. மெதுவாச் சொல்லுங்க, நான் இருக்கேன்."

"இங்க குடு, நான் பேசுறேன்" என்று கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். மூச்சை விட்டு, பஸ்ஸில் சொன்ன மாதிரியே இழுத்து ஊரைச் சொன்னேன். பிறகு தூத்துக்குடி ரோட்டில் எங்கே திரும்ப வேண்டும், எந்த வண்டிப்பாதையில் வர வேண்டும் என்று எல்லாம் வந்தது. திக்கித் திக்கித்தான், ஆனால் வந்தது. காலை ஆட்டக்கூடாது, நடக்க விடக்கூடாது என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல அப்படியே செய்தேன்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னதும் வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். மறுநாள் கணவர், "எங்க திரும்பணும்னு எம்புட்டுத் தெளிவாச் சொன்ன. நானா இருந்தா ஒளறியிருப்பேன்" என்றார். தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

இன்றும் எனக்குத் திக்குகிறது. அது போக வேண்டும் என்று இப்போது நான் வேண்டிக்கொள்வதில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறேன், முக்கால்வாசிப் பேர் பொறுக்கத்தான் செய்கிறார்கள்.