பத்து மடங்குத் தேயிலை

மலேசியாவில், ஸ்கூடாயில் முதுகலை படித்தபோது என் வேலை, அரைத்த மீனில் தேயிலைச் சாற்றுத் தூளைக் கலப்பது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைத்த அக்காதான் அதிகம் சிரித்தார். "அலமாக், மீனுக்கு டீ ஊத்தவா இம்புட்டுப் படிக்கிற?" என்பார்; அலமாக் என்றால் மலாயில் ஐயையோ. அவர் வீடு நடக்கும் தூரத்தில் இருந்தது. மதியம் ஓடிப்போய், வாதம் வந்து படுத்திருந்த கணவருக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடி வருவார். அதற்காகவே அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

விஷயம் எளிமையானது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு இழுக்கிறதே, அது தேயிலையின் துவர்ப்பு எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால். மீன் சதையிலும் இருப்பது புரதம்தான். கொஞ்சமாகக் கலந்தால் துவர்ப்பு அந்தப் புரதங்களைக் கோத்துக் கட்டும்; அவித்த மீன் உருண்டை நன்றாகத் துள்ளும், நாள்பட்டாலும் வாடை வராது. கூடிப்போனால் புரதம் கட்டிதட்டித் தண்ணீரைக் கக்கி உதிர்ந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். எனக்கு அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

சோதிக்கும் முறையும் எளிதுதான். அவித்த மீனை மெல்லிய வில்லையாக அறுத்து இரண்டாக மடிக்க வேண்டும், பிறகு நான்காக. விரிசல் விடாவிட்டால் தேறிவிட்டது என்று பொருள்.

ஒரு திங்கட்கிழமை, பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க, என் வில்லைகள் மடிப்பதற்கு முன்பே பொலபொலவென்று உதிர்ந்தன. பல நாள் வேலை வீண். ஃப்ரீசர் இடையில் நின்றுபோனதா என்று அவர் கேட்டார். வெள்ளிக்கிழமை தரை தேய்க்கும் மெஷினுக்காகத் துப்புரவு அக்கா அதன் ப்ளக்கைப் பிடுங்கினார் என்றேன். அது உண்மை. அந்த மூலையில் இருந்தது ஒரே ப்ளக் பாயிண்ட்தான். ஒவ்வொரு வெள்ளியும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பிடுங்குவார்; பத்து நிமிடத்தில் திரும்பச் செருகிவிடுவார். அன்றும் அவர் செருகியதை நான் பார்த்தேன். அதை மட்டும் நான் சொல்லவில்லை. பேராசிரியர் முகத்தில் என் மேலிருந்த கோபம் விலகியதும், அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில், ஒப்பிடுவதற்காக வைத்திருந்த தேயிலை கலக்காத மீனை அவித்தேன். அதுவும் அதே ஃப்ரீசரில் இருந்ததுதான். வில்லை நான்காக மடிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஃப்ரீசர் நின்றிருந்தால் இதுவும் கெட்டிருக்கும். நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேயிலைத் தூளை நான் பத்து மடங்கு போட்டிருந்தேன்.

அந்த நல்ல வில்லைகளைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே பழைய கையுறைகளை அள்ளிப் போட்டு மூடினேன். பெரிய களவாணிபோல வாசலை வேறு எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை அக்கா வந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"என் மேல கம்ப்ளேய்ன் போயிருக்காம் மா. கெட்டுப்போன மீனுன்னா நாறணும்லா? அந்த உதுந்த மீன குப்பையில கொட்டும்போது மோந்து பாத்தேன், நாறவே இல்லையே."

அவர் கேட்டது சரியான கேள்வி. என் பேராசிரியர்கூட அதைக் கேட்கவில்லை.

"டீ போட்டா நாறாதுக்கா" என்றேன். அதுவும் உண்மைதான். படித்த படிப்பையெல்லாம் கொண்டுபோய் அவர் வாயை அடைக்கப் பயன்படுத்தினேன்.

"அப்படியா? நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் துடைக்கப் போனார்.

புகாரை அவர் நிறுவனம் விசாரிக்கவிருந்த வெள்ளிக்கிழமை வரை எனக்கு நேரம் இருந்தது. பேராசிரியரின் அறைக்கதவு ஏழெட்டு அடி தூரம். போய்ச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஒரு திட்டுக்குப் பயந்து நான் சும்மா இருந்தேன். அடுத்த வாரம் துப்புரவுக் குத்தகை நிறுவனம் அக்காவைப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டது. விடியுமுன் பஸ் ஏற வேண்டும். மதியம் வீட்டுக்கு வர முடியாது.

பிற்பாடு அந்தப் பத்து மடங்கையே வேண்டுமென்று ஒருமுறை செய்து பார்த்து ஆய்வேட்டில் சேர்த்தேன். தேர்வாளர் அந்தப் பகுதியைத் தனியாகப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்; அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன வருடம் பேரங்காடியில் அக்காவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"படிப்பு முடிஞ்சிச்சாம்மா?"

"முடிஞ்சிச்சுக்கா. வீட்டுல எப்படி இருக்காரு?"

"இருக்காரு. நான் வந்து சேர சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் பசி தாங்கப் பழகிட்டாரு."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ப்ளக்க திரும்பக் குத்துனேன்னுதான் எனக்கு நெனப்பு. மறந்திருப்பேன் போல. என்னால ஒன் மீனெல்லாம் வீணாப் போச்சு. மனசுல வச்சிக்காதம்மா."

இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே கத்தினேன்.

"பரவால்லக்கா, அத நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "நல்லா இருப்பம்மா" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.