கழற்றக் கூடாத வளையல்கள்

சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் திரும்பினேன். இலையில் வரும் பூஞ்சை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்தவளுக்குச் சிராங்கூன் சாலையில் என்ன வேலை வைத்திருக்கிறது? காத்துக் கிடந்தேன், கல்யாணமும் ஆயிற்று. அப்புறம்தான் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கான ஆராய்ச்சி வேலை ஒன்று வந்தது. ஒரே இடம். அதை விட்டால் அடுத்தது வருமோ வராதோ.

நேர்முகத்துக்கு முந்தின நாள் பார்த்து எனக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதமே செய்துவிடுவார்கள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான்? மாமியாரிடம் கெஞ்சினேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் கழட்டி வச்சிட்டுப் போறேன் அத்தை. இன்டர்வியூ முடிஞ்சதும் போட்டுக்குறேன்."

"நல்லா இருக்கே கதை! பிள்ளை பொறக்குற வரைக்கும் கையை விட்டு எறங்கக் கூடாது. படிச்சவ பேசுற பேச்சா இது?"

"அம்மாகூட சண்டை வேணாம் லா" என்றார் கணவர். அவர் என்றைக்குத்தான் வேண்டும் என்றார்!

வயிற்றைச் சேலைக் கொசுவம் மறைத்தது. வளையல்களை முந்தானையால் போர்த்திக்கொண்டேன். உள்ளே இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு தமிழர். நம்மவர் ஒருவர் இருக்கிறாரே என்று வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஓர் இலையையும் பிளேடையும் கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க மெல்லியதாகச் சீவித் தரச் சொன்னார்கள். அதற்கு இரண்டு கையும் வேண்டும். முந்தானையை விட்டேன். வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்கு இறங்கின. வெள்ளைக்காரர்களுக்கு அது வெறும் நகை. சீவலைப் பார்த்துவிட்டு ஒருவர் "வெரி குட்" என்றார். அந்த நிமிஷம் வரை வேலை என்னுடையதுதான்.

தமிழர் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வளைகாப்பு ஆயிடுச்சாம்மா?" என்று தமிழில் கேட்டார். எவ்வளவு கனிவான குரல்! பெற்ற அப்பா கேட்பது போல. "ஆமா சார், நேத்துத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பி அதை ஆங்கிலத்தில் சொன்னார். மற்ற இருவரும் பேனாவை மூடினார்கள்.

"முதல்ல நல்லபடியா பெத்து எடும்மா. வேலை எங்க ஓடிப்போகுது?" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார் அந்தப் புண்ணியவான். வேலை ஓடித்தான் போயிற்று. வேறு யாரோ சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பஸ்ஸில் வரும்போது வளையல்களை ஒவ்வொன்றாக நொறுக்கிப் போட வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. நொறுக்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவ்வளவு படித்தும் அந்தப் பயம் என்னை விடவில்லை. அழுதேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி ஆயா சோப்பு போட்டு வளையல்களைக் கழற்றி, அது முறை என்று தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா எங்க வேலை பாக்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அவளுக்கு என்ன வேலை? வீட்டுலதான் இருக்கா."

என் கைகளைப் பார்த்தேன். இப்போது இரண்டும் வெறுங்கை. அந்த மாதிரி வேலை அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.