பந்தல் போடலாம் என்று சொன்னவன்

நெருப்பு இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு வேலை என்பது, நன்றாக இருக்கிற வீட்டின் வாசலில் நின்றுகொண்டு அது எரிவதைப் பற்றிப் பேசுகிற வேலை. என்னைப் போன்ற ஒருவனைக் கண்டு கொல்லைப்பக்கமாக நழுவியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நழுவ முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அவஸ்தைப்பட்டவர்களும் இருப்பீர்கள். யுத்தம் தொடங்கியிருந்த வருஷங்களில் செஞ்சியில் நான் அந்த வேலை பார்த்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வீடு

கடைக்காரர்களும் மில்காரர்களும் பாலிசி எடுப்பார்கள். குடியிருக்கிற வீட்டுக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். கூரை வீட்டைக் கம்பெனி தொடாது. ஓட்டு வீட்டுக்காரர்கள் என்னைத் தொடமாட்டார்கள். அப்படியிருக்க, மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் தரகர் சவரிமுத்து தானாகவே ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார். சிங்கவரம் ரோட்டில் அவருடைய பழைய கூரை வீடு ஒருமுறை எரிந்துபோய், வருஷக்கணக்கில் மூட்டை தூக்கியும் தரகு பார்த்தும் அதே இடத்தில் ஓட்டு வீடு கட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் சுவரை ஒருமுறை தடவிக்கொள்வார்.

அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்காவுக்கு என் வரவு பிடிக்கவில்லை. நான் படிவத்தை விரித்து, முழுக்க எரிந்தால் என்ன கிடைக்கும், பாதி எரிந்தால் என்ன கிடைக்கும் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊட்டுக்கு வர்றவங்க நல்லா இருங்கன்னுவாங்க. நீ இன்னா தம்பி, எரியும் எரியும்ன்னுக்கினே மோரு குடிக்கிற."

சந்தையில் ஒரு கேள்வி

அடுத்த வருஷம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சந்தையில் சவரிமுத்து என்னைத் தனியாக அழைத்துப் போய், வாசலில் கீற்றுப் பந்தல் போடப்போகிறோம், ஓட்டுச் சார்ப்பைத் தொட்டாற்போல் வரும், கம்பெனிக்கு எழுதிப்போட வேண்டுமா என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று நான் படித்ததே இல்லை. 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். கேட்பதென்றால் மதராஸுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டும். எனக்கு அது ஒரு நாள் வேலை. அதைவிட, அவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணப் பந்தலுக்கெல்லாம் யாரும் எழுதிக் கேட்பதில்லை, செஞ்சிக்கு நான்தான் கம்பெனி, தைரியமாகப் போடுங்கள் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீ சொல்லிட்டா சரி தம்பி, அப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கணும்."

எட்டாம் நாள்

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். பெண் மறுவீடு வந்து திரும்பிப் போகிற வரையில் பந்தலைப் பிரிக்கமாட்டார்கள். கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள் பெண் வருவதாக இருந்தது. எட்டாம் நாள் மத்தியானம் அக்கா பெண்ணுக்காகப் பலகாரம் சுட்டுவிட்டு, அடுப்புச் சாம்பலை எப்போதும் கொட்டுகிற இடத்தில் கொட்டினார். அந்த இடத்தில் இப்போது பந்தல் கால் நின்றது. சாம்பலில் கங்கு இருந்தது. வெயிலில் காய்ந்த கீற்று பற்றி, ஓட்டுக்கு அடியில் இருந்த மரத்தையும் பிடித்துக்கொண்டது. புகையைப் பார்த்து நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ஓடுகள் வெடித்து விழுந்துகொண்டிருந்தன. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

சேதத்தை மதிப்பிட மதராஸிலிருந்து ஒருவர் வந்தார். எரிந்த மூங்கிலைக் குடை நுனியால் புரட்டினார். கீற்று போடுவதை எழுத்து மூலம் தெரிவித்தீர்களா என்று கேட்டார். சவரிமுத்து என்னைக் காட்டி, இவரைக் கேட்டேன், போடலாம் என்றார் என்று சொன்னார். நான் குனிந்து சைக்கிள் சங்கிலியைப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. வந்தவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்: "கல்யாணத்தன்றே பிரித்திருந்தால் நான் இந்த வெயிலில் வந்திருக்க வேண்டாம்."

மேலதிகாரி

எழுதித் தெரிவிக்காமல் கீற்று போட்டால் பணம் கிடையாது என்று பாலிசியின் பின்பக்கத்தைக் காட்டிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. சவரிமுத்து திண்டிவனம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் அவர்கள். மழைக்கு முன்னால் எரிந்த வீட்டின் மேல் ஏதாவது வேய்ந்தாக வேண்டும். யுத்தத்தால் மரமும் கிடைக்கவில்லை, ஓடும் கிடைக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அவர் ஜெயிக்க வழி உண்டு என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவர் பக்கத்து ஒரே சாட்சி நான்.

வழக்குக்கு இரண்டு நாள் முன்னால் என் மேலதிகாரி செஞ்சிக்கு வந்தார். அனுமதி கொடுத்தேன் என்று நான் ஒப்புக்கொண்டால் அன்றோடு ஏஜென்சி போய்விடும் என்றார். அது போனால் எனக்கு வேறு பிழைப்பே இல்லை என்று அப்போது நினைத்தேன். வேறு பிழைப்பும் இருந்தது, பிற்பாடு அதைத்தான் செய்து சாப்பிட்டேன். கிளம்பும்போது அவர் என் தோளில் கை வைத்தார்: "பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள்."

கூண்டில்

சவரிமுத்துவின் வக்கீல் நிதானமான ஆள். கல்யாணத்துக்குப் போனீர்களா என்றார். போனேன். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? பந்தலில். என்ன போட்டார்கள்? பயத்தில் நான் கறிக்குழம்பில் தொடங்கிப் பாயசம் வரை வரிசையாக ஒப்பித்தேன். சரி, சந்தையில் சவரிமுத்து உங்களிடம் என்ன கேட்டார்? ஞாபகம் இல்லை என்றேன்.

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் நான் பதிலை மாற்றவில்லை. வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னார்: "சாட்சிக்கு வயிற்றில் ஞாபகசக்தி இருக்கிறது, கனம் கோர்ட்டார் அவர்களே."

ஒரே பஸ்

வழக்கு தோற்றது. தீர்ப்பன்று நானும் போயிருந்தேன். திண்டிவனத்திலிருந்து திரும்ப அந்த வேளைக்கு ஒரே பஸ்தான். அக்கா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சவரிமுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகக்கூட இருந்தேன்.

வல்லம் தாண்டியதும் பேசினார். அவர் சொன்னதைக் கேட்டு முடித்தபோதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பீலுக்கு இன்னும் நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். அவர் சொன்னது இதுதான்: "நான்தான் உன்னக் கேக்காமயே வுட்டுட்டேனோ இன்னமோ தம்பி. கல்யாண அலைச்சல்ல கேட்டதா நெனச்சிக்கினேன் போல இருக்குது. உன்னக் கோர்ட்டுக்கெல்லாம் இழுத்துட்டேன், மனசுல வச்சிக்காத."

இன்ஷ்யூரன்ஸ் ஷரத்துகள் அத்தனையும் இன்று எனக்கு மனப்பாடம். ஏஜெண்டால் வருகிற சேதத்துக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி எழுதுவதில்லை.