மூன்று கடைகளுக்கு விழுந்த அபராதம்

"எத்தனை மூட்டை விற்றாய்?" என்று மாஜிஸ்திரேட் துரை பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. கூண்டில் நின்றவர் என் அக்காவின் கணவர். மலாயாவில், ஈப்போ நீதிமன்றத்தில் நான் வழக்குக் கட்டுகளை எழுதிவைக்கும் கிராணியாக இருந்தேன். உறவு என்பதால் அந்த வழக்குக் கட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. அரிசித் தட்டுப்பாடு தீராததால் இதற்கு மேல் விற்கக்கூடாது என்று சர்க்காரே விலை கட்டியிருந்தது. கோப்பெங் பக்கத்தில் மச்சான் கடை வைத்திருந்த ரப்பர் தோட்டத்துக்கு மொத்தம் மூன்றே கடைகள். பெரிய கடை முதலாளி மற்ற இருவரையும் கூப்பிட்டு, கட்டிய விலைக்கு மேலே மூவரும் ஒரே விலையில் விற்கவேண்டும், குறைத்து விற்பவனுக்கு இனி மூட்டை கிடையாது என்றார். மச்சானுக்கு அரிசி வருவதே அவரிடமிருந்துதான். தலையாட்டிவிட்டு வந்தார். மரம் சீவும் சனங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கேட்ட விலையைக் கொடுத்தார்கள். கொடுக்க முடியாதவர்கள் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினார்கள். அதிகாரிகள் வந்தபோது மச்சான் முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மூவருக்கும் ஒரே தொகை விழும் என்றுதான் நினைத்தோம். துரை அப்படிச் செய்யவில்லை. மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள், வாரத்துக்கு எத்தனை மூட்டை விற்றார்கள், எத்தனை வாரம் விற்றார்கள் என்று பெருக்கினார். திட்டத்தைத் தொடங்கியவருக்கு அதை இரட்டிப்பாக்கினார். முதலில் உண்மை சொன்னவருக்குப் பாதியாக்கினார். நான் பார்த்த தீர்ப்புகளில் அது நியாயமான கணக்கு. ஆனால் பெரிய முதலாளி அங்கேயே பணத்தை எண்ணி வைத்துவிட்டு ரசீது கேட்டார். மச்சானின் பாதித் தொகைக்கு அக்காவின் சங்கிலி போயிற்று.

திரும்பும் வழியில், "பாதியாக் கொறச்சிட்டாரே மச்சான், விடுங்க" என்றேன்.

அதற்கு அவர், "கணக்கு சரிதான் மச்சான். ஆனா காசு சர்க்காருக்குப் போச்சு. கூடக் குடுத்தது தோட்டத்து ஆளுங்கதானே லா" என்றார்.

அடுத்த சம்பள நாளில், கடையில் மிச்சமிருந்த மூட்டைகளைப் பிரித்தார். கூடுதலாக வாங்கிய காசுக்கு ஈடாக ஒவ்வொரு வீட்டாருக்கும் அரிசி அளந்து கொடுத்தார். அக்கா உள்ளேயிருந்து, "அபராதமும் கட்டியாச்சு, இதையும் அள்ளிக் குடுத்தா நம்ம புள்ளைங்க என்னத்தத் திங்கும்?" என்று கேட்டாள். அவர் அளந்துகொண்டே இருந்தார். பெரிய முதலாளி அதோடு மூட்டை அனுப்புவதை நிறுத்தினார். இரண்டே மாதத்தில் கடை மூடியது. மச்சான் இன்னொரு தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் வேலைக்குப் போனார். அதன் பிறகு அவர் சாகும்வரை நானும் அக்காவும் அதைச் சரியென்றோ தப்பென்றோ சொன்னதில்லை. சொல்லத் தெம்பில்லை.

அரிசி அளந்த அன்று நானும் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மரம் சீவும் பெண் ஒருத்தி துணிப்பையை நீட்டினாள். படி நிறைந்து விழுவதைப் பார்த்தபடியே, "அப்ப ரெண்டு மாசம் புள்ளைங்கள அரை வயித்தோட படுக்க வச்சேன். இப்பக் குடுத்தா அந்தப் பசி போயிருமா அண்ணே?" என்றாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலவே கேட்டாள். மச்சான் அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு படி போட்டார். அவள் பையை முடிந்துகொண்டு போன பிறகு, "அடுத்த ஆள வரச் சொல்லுங்க மச்சான்" என்றார்.